கொப்பியில் எழுதிய செக்கன்கள்

பெப். 4, செவ்வாய்

மைனஸ் பதினாறு. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பிரஷர் குளிசை வாங்க நாளைக்கு மருந்துக்கடை.

தெரிந்த பிள்ளை அபி படத்தை அனுப்பிவிட்டாள். எங்கள் மகள் வாணியைப் பற்றி அவள் எடுத்த டொக்குமென்ரறி. பதினேழு வயதில் மாகாண நீச்சல் சாம்பியன், அதே வருடம் நீச்சலை விட்டவள். மனைவியும் நானும் சோபாவில் இருந்து பார்த்தோம். பழைய வீடியோவில் வாணி பதக்கத்தோடு. மனைவி அழுதாள்.

பிறகு இப்போதைய வாணி: "தேசியத் தெரிவுக்கு அறுபத்திரண்டு செக்கனுக்குள்ள வரவேணும். பிராக்டிஸில அப்பாதான் நேரம் பிடிக்கிறவர். ஒருநாளும் நான் அதுக்குள்ள வரேல்லை. என்னால ஏலாது எண்டு விட்டிட்டன்."

அடுத்த காட்சியில், பிராக்டிஸில் அவள் நேரங்களை நான் குறித்த கொப்பி. என் கையெழுத்து. 61.8. 61.6. பதக்கங்களோடு அதையும் மனைவி அபியிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

பெப். 5, புதன்

குளிசை, பால். கறிவேப்பிலை மறந்துபோனேன்.

ஒவ்வொரு முறையும் வாணியிடம் ஒரு செக்கன் கூட்டித்தான் சொன்னேன். நல்லாய் நீந்துகிறாய் என்றால் கண்பட்டுவிடும், பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம். உண்மை கொப்பியில் மட்டும். போட்டியன்று தானே கண்டு துள்ளுவாள் என்றிருந்தேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே விட்டுவிட்டாள். அதன்பிறகு சொல்லத் துணிவில்லை. இருபது வருடம்.

அபிக்கு போன். கொப்பிப் பக்கத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடலாமா?

"அது சும்மா வடிவுக்குப் போட்டது அங்கிள். நம்பரை ஆர் வாசிக்கப் போகினம்? வேணுமெண்டா வெட்டிறன்."

வேண்டாம் என்றேன். நானே போய் வாணியிடம் சொல்வதென்று முடிவு.

பெப். 6, வியாழன்

ரயிலில் விட்பிக்கு, வாணி வீட்டுக்கு. வாணி கதவைத் திறந்தாள். தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை.

"பார்த்திட்டன் அப்பா. உங்கட கொப்பியை நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தனான்."

"உன்ரை நல்லதுக்குத்தான் பிள்ளை," என்றேன். அதையா சொல்லப் போனேன், மடையன்.

"சனிக்கிழமை மிலாவை ஸ்விம்மிங்குக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். நீங்க வரவேண்டாம்."

மிலா பேத்தி. ஏழு வயது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை எனக்கும் அவளுக்கும்தான். வாரத்தில் எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்.

பெப். 8, சனி

பனி. ஐந்தரைக்கே விழிப்பு. கீழே போய்க் கார்க் கண்ணாடியில் பனியை வழித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பத்தரைக்கு மிலா போன். "அம்மப்பா, நான் முழு நீளமும் நிக்காமப் போனனான். அம்மா பெரிசாக் கைதட்டினவ. நீங்க ஏன் வரேல்லை?"

எத்தனை செக்கன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

காய்ச்சல் என்று சொன்னேன்.