பந்துக்கு முகம் கொடுத்து

மார்ச் 2, சனி

இன்றும் அதே கதை. மூன்று வீச்சு, மூன்றும் காற்றுக்கு. இந்த சீசனில் ஒரு பந்துகூட என் பேட்டில் படவில்லை. எங்கள் பஸ் டிப்போ பேஸ்பால் டீமில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், என் காற்றுக்கு மட்டும் தனிக் கைதட்டல்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். டிப்போ மெக்கானிக், டீமுக்கும் அவன்தான் கேப்டன். காபியைக் குடித்தான், மின்விசிறியைப் பார்த்தான். "அண்ணி, அடுத்த வாரம் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்." இவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அண்ணனும் தம்பியும் முன்னாடியே பேசி வைத்துவிட்டார்கள்!

மார்ச் 3

ரெஸ்ட்டாம். இருபது வருஷம் பஸ் ஓட்டினவளுக்கு இவன் ரெஸ்ட் குடுக்கிறானாம்.

மார்ச் 5

பீரோக் கண்ணாடி முன் பேட்டோடு நின்று பார்த்தேன். பந்து எறிகிறவர் இடது தோள் பக்கம் இருப்பார். தலையை அங்கே திருப்பணும். கழுத்து பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்போ இத்தனை நாளும் ஒற்றைக் கண்ணாலா பந்தைப் பார்த்தேன்?

தலை திரும்பாவிட்டால் உடம்பைத் திருப்பினால் போச்சு. எறிகிறவருக்கு நேர் எதிரே, நெஞ்சைக் காட்டி நின்றேன். பேட் காதோரம். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இவர் சுருட்டின சாக்ஸை எறிந்தார்.

"பந்தடிக்க நிக்கிறியா, என்னை அடிக்க நிக்கிறியா?"

ஏழில் நாலு பட்டது. ஒன்று இவர் மூக்கில்.

மார்ச் 7

பயிற்சி. "மாடு மறிக்கிறீங்களா மேடம்?" என்றார் டிப்போ கிளார்க். கொழுந்தன் காதருகில் வந்து, "வேணாம் அண்ணி, பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றான்.

"இப்ப மட்டும் அழுறாங்களாடா?"

பத்துப் பந்தில் மூன்று அடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே சனிக்கிழமைக்கு என் பேரை எழுதினான்.

மார்ச் 9, சனி

தபால்காரர்கள் டீம். எறிய வந்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முதல் பந்து எங்கேயோ போனது. இரண்டாவது என் தொடையில். பந்து உடம்பில் பட்டால், ஓடிப் போய்ச் சேரவேண்டிய முதல் பேஸ் இலவசம். நொண்டிக்கொண்டு போய் நின்றேன். "எப்படியோ போய்ச் சேந்துட்டாப்பா!" என்று இவர் கத்தினது மைதானம் முழுக்கக் கேட்டது.

வீடு திரும்பும்போது கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணி, கூப்பிட்டா மொத்த உடம்பையும் திருப்பித்தான் பாக்கிறீங்க. கழுத்து எத்தன மாசமா இப்படி?"

மார்ச் 10

ஆறு மாசமா. இவர்கிட்டகூடச் சொல்லல. சொன்னா வண்டியப் பிடுங்கிருவாங்கன்னு பயம் — வேறென்ன? நாப்பது பேர ஏத்திக்கிட்டு, கண்ணாடிய மட்டும் நம்பி... ஏதாவது ஆகியிருந்தா? ஐயோ. விஷயம் தெரிஞ்சும் இவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அதுவரை நேர அட்டவணை எழுதும் வேலை. தினமும் கழுத்துக்குப் பிசியோதெரபி. பிசியோதெரபி தரும் பெண்ணிடம் நான் பேட்டோடு நிற்கும் விதத்தைச் செய்து காட்டி, "இப்படி ஆடலாமாம்மா?" என்றேன். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மாசம் போகட்டும், ஆடுங்க" என்றாள்.

மார்ச் 26

உட்கார்ந்து எழுதுவது வண்டி ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

ஏப்ரல் 20, சனி

அடிச்சேன்! இரண்டு தபால்காரர்களுக்கு நடுவில், தரையோடு தரையாக. இரண்டாவது பேஸ்வரை ஓடினேன். இவருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. வீடு அமைதியாக இருக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை முதல் வண்டி எனக்கு. பள்ளிக்கூட முனையில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் ஒரு அம்மா. அவர் போகட்டும் என்று நின்றேன்.

மதியம் கொழுந்தன் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இப்பதான் கழுத்து நல்லாத் திரும்புதே அண்ணி, இனிமே எல்லாரையும் மாதிரி நிக்கலாமே?"

"நிக்கலாம்டா" என்றேன்.

நிக்க மாட்டேன்.