எட்டாவது பகுதி

அன்புள்ள மகளே,

முந்தைய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அதனால் இதைக் கார்டில் பொடியாக எழுதுகிறேன். தபால்காரரும் படிப்பார், அவருக்கும் பயன்படட்டும்.

ஒரு டிவி தொடரைப் பார்க்கச் சொல்லத்தான் எழுதுகிறேன். பழைய விஞ்ஞான நாவல்களை எட்டுப் பகுதிகளாக எடுத்திருக்கிறார்கள். நாவல்களைப் படித்தவன் சொல்கிறேன்: கெடுத்திருக்கிறார்கள், ஆனால் மரியாதையாகக் கெடுத்திருக்கிறார்கள்.

வேறு கிரகத்துக்குப் போன மகளை ஒரு தகப்பன் திரும்பி வரச் சொல்கிறான். செய்தி போய்ச் சேர நாற்பது வருஷம் ஆகிறது. நம்பும்படி இல்லை என்று முதலில் நினைத்தேன். நீ இருக்கும் வடக்கனந்தல் இங்கிருந்து அரை மணி நேர பஸ்தான்; எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

அம்மாவும் படுத்தபடியே பார்க்கிறாள். டாக்டர் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், "இன்னாங்க, அந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்கிறாள்.

நேற்று வேறொன்று சொன்னாள். உன் கல்யாணம் முடிந்த மறுநாள், இனி நீ எங்கள் மகள் இல்லை என்று தலைமுழுக அவளை மணலூர்பேட்டை ஆற்றுக்கு இழுத்துப்போனேன். "நீங்க கண்ண மூடிக்கினு முழுவனீங்க. நான் கழுத்தோட நின்னுட்டேன்" என்றாள்.

இத்தனை வருஷமும் அவளுக்கு மகள் இருந்திருக்கிறாள்.

எட்டாவது பகுதியை நான் இன்னும் அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை. நாவலில் அந்தப் பெண் வந்து சேரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை டிவி ரிப்பேர் என்று சொல்லிச் சமாளிப்பேன். அதற்கு மேல் அம்மாவால் காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
தலையை நனைத்தவன்