மீன்பிடி பூட்ஸும் சமையலறைக் குழாயும்

அன்பு மகள் ஒக்சானாவுக்கு அம்மா எழுதுவது. மானிட்டோபாவில் நாங்கள் இருவரும் உறைந்துபோகாமல் நலம், நீ அந்த டார்வின் ஊர் வெயிலில் உருகிப்போகாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

குழாய் வெடித்ததைத் தானே சரிசெய்ததாக அப்பா போனில் அளந்திருப்பார், நம்பாதே. கிறிஸ்துமஸ் விருந்துக்கு உன் அத்தை குடும்பம் வர இருந்த காலை, துப்பினால் எச்சில் கல்லாய் விழும் குளிர், சமையலறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா கேஸ் டார்ச்சோடு பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் புகுந்தார். வீட்டக் கொளுத்திக் குளிர் காயப் போறீங்களா என்று அதைப் பிடுங்கி மாவு டின்னில் ஒளித்துவிட்டு, குழாயைத் திறந்துவைத்து, அதன் வாய்ப் பக்கமிருந்து ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டே வந்தேன். உள்ளே பனி உருகியதும்தான் விரிசல் தெரிந்தது, என் முகத்திலேயே பீச்சியடித்தது. நான் அப்பவே சொன்னேன்ல என்று அப்பா கத்தினாரே தவிர, நிலவறைக்கு ஓடி மெயின் வால்வை மூடியது நான்தான். மிச்சத் தண்ணீரை வடித்து, குழாயைத் துடைத்து, ரப்பர் தேடினால் அவருடைய மீன்பிடி பூட்ஸ்தான் கண்ணில் பட்டது. மேலிருந்து ஒரு துண்டு நறுக்கி விரிசலில் இறுக்கிச் சுற்றி, டிராக்டர் ஹோஸுக்குப் போடும் கிளாம்ப் இரண்டைப் போட்டு முறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஏரி உருகும்வரை பூட்ஸைத் தேட மாட்டார், நீயும் வாயைத் திறக்காதே.

பிளம்பர் அடுத்த வாரம்தான் வருவாராம். விருந்தில் அத்தை, நீயா அண்ணா செஞ்சே என்று வியக்க, இதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பா பீட்ரூட் சூப்பை உறிஞ்சினார். நான் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பரிமாறினேன். அத்தை வாய்தான் தெரியுமே, ஊரெல்லாம் பரவிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்துப் பண்ணை ஸ்தெஃபா ஓடிவந்து, ஓரெஸ்ட் அண்ணே எங்க குழாயும் புட்டுக்கிச்சு, நீங்க வந்தாத்தான் ஆச்சு என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! வண்டியில் ஏறியதும் மெல்ல, ஹாலினா அந்தக் கிளாம்ப எந்தப் பக்கம் திருகணும் என்றார். நான் ஜன்னல் வழியே பனியை ரசித்துக்கொண்டு வந்தேன். அங்கே போய், எனக்கு முட்டி வலி, நீ பண்ணு, நான் லைட் புடிக்கிறேன் என்றார் எல்லார் முன்னாலும். செய்து முடித்தேன். ஸ்தெஃபா கசகசா ரொட்டியை அவர் கையில்தான் கொடுத்தாள். திரும்பும் வழியில் அதைப் பிய்த்து, பெரிய பாதியை என் மடியில் வைத்தார்.

அங்கே பனி இல்லாவிட்டாலும் குழாய் குழாய்தான், உன் வீட்டு மெயின் வால்வு எங்கே என்று இன்றே பார்த்துவை. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா ஹாலினா