கிளீனர் இல்லாத லாரி

மாடம்பாக்கம்
14-7-1993

அன்பு மகள் காமுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அந்தத் தேனுபுரீஸ்வரர் துணையிருக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, நல்ல சேதியாக ஒன்று கிடைக்கட்டும், அதையும் சேர்த்து எழுதலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கிடைத்த பாடில்லை. மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, முருங்கை மட்டும் யாரையும் கேட்காமல் காய்த்துத் தொங்குகிறது.

மாசி மாதம் நம் லாரி விக்கிரவாண்டி தாண்டி நின்றுபோனதைப் பற்றி உனக்கு இரண்டு வரிதான் எழுதினேன், முழுக்கச் சொல்லவில்லை. உன் அப்பா வண்டியைப் பார்த்துக்கொள்கிற விதம் உனக்குத் தெரியாததா, லீவு விட்டால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே கிடந்தவள் நீ. கணக்கு வைத்து ஆயில் மாற்றுவார், ஃபேன் பெல்ட்டில் ஒரு கீறல் தெரிந்தால் போதும், கழற்றி எறிந்துவிடுவார். "கெட்டப்புறம் மாத்தறவன் டிரைவரு, கெடறதுக்கு முன்னாடி மாத்தறவன்தான் ஓனரு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த மனுஷன். அந்த வாரமும் ரேடியேட்டர் ஹோஸ் உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று மெக்கானிக் வில்பிரட்டிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் திருமுடிவாக்கம் கம்பெனி மேனேஜர், லோடு வெள்ளிக்கிழமையே திருச்சிக்குப் போயாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். ஒரு நாள் பொறுங்க சார் என்று இவர் கெஞ்சியதற்கு, வேற வண்டி பாத்துக்கறேன் என்றாராம். இத்தனை வருஷமாக லோடு கொடுக்கிற இடமாயிற்றே என்று இவரும் கிளம்பிவிட்டார். வழியில் ஹோஸ் வெடித்துத் தண்ணீரெல்லாம் கொட்டி இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் வேறு லாரி அனுப்பி லோடை மாற்றிக்கொண்டு போகிற வரைக்கும் சோறு தண்ணீர் சரியாக இல்லாமல் ரோட்டோரமாகக் காவல் கிடந்தார். திரும்பி வந்தபோது, வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு இனிமேல் இங்கே லோடு இல்லை என்று வாட்ச்மேனிடம் சொல்லி வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிவிட்டார்கள் பார் காமு.

இன்ஜினை வில்பிரட் இறக்கிப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து உன் அப்பா பானெட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை. கிரீஸ் கன் கூடத்து மூலையில் கிடக்கிறது, எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டால் தூக்கிக் கிணற்றில் போடு என்கிறார். இப்போது பல்லாவரம் மலைக் குவாரியிலிருந்து ஜல்லி லோடு அடிக்கிறார், யார் கூப்பிட்டாலும் போகிறார், எவ்வளவு ஏற்றினாலும் வாயைத் திறப்பதில்லை. பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கோயில் குளத்து முனையில் வரும்போதே வீட்டுக்குள் எனக்குக் கேட்கிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற ரோடு அது. அந்தச் சத்தம் கேட்டாலே யார் பெற்ற பிள்ளையோ என்று வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். இதைச் சொல்லிக் கேட்டதற்கு, "ஓடற வரிக்கும் ஓடட்டும், நிக்க சொல்லோ நிக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் வண்டியைத்தான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை பட்டினி கிடந்தேன், சாவியைக்கூட அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வில்பிரட் பாவம், லைனிங்கைத் தானே வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தான், வண்டி நல்லாத்தான் கீது, நீ போப்பா என்று வாசலோடு அனுப்பிவிட்டார். போன வாரம் கிளீனர் அந்தோணிசாமியும் நின்றுவிட்டான். சொல்லிக்கொண்டு போக வந்தவன் கண் கலங்கி, "யக்கா, வண்டி ரிப்பேருக்கெல்லாம் நான் பயந்தவன் இல்ல, இப்போ அண்ணனப் பாத்தாதான் பயமா கீது, எனக்குப் புள்ளகுட்டி கீதுக்கா" என்றான். அவன் மேல் நான் என்ன தப்பு சொல்ல முடியும். அதற்கப்புறம் உன் அப்பா தனியாகத்தான் போய்வருகிறார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நேற்று சாப்பாடு போடும்போது, பிரேக் பார்க்கிற வரைக்கும் அந்தோணிசாமி இடத்தில் நானே உட்கார்ந்து வருகிறேன் என்று சொன்னேன். பொம்பளை லாரியில் ஏறுவாயா என்று கத்துவார், கத்திவிட்டு, இந்தப் பீடை ஏறி உட்கார்ந்துவிடப் போகிறதே என்றாவது வில்பிரட்டிடம் போய் நிற்பார் என்று கணக்குப் போட்டேன். அவர் கத்தவில்லை. "காலைல சீக்கிரம் எடுக்கணும், ரெடியா இரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பாவிடம் நான் அப்படிப் பயந்ததில்லை.

இன்றைக்குப் போகவில்லை, குவாரி லீவு என்று காலையில்தான் ஆள் வந்து சொன்னான். நாளைக்குப் போகிறேன். நீ வேண்டாம் என்று எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் எத்தனை நடை போயிருப்பேனோ. தனியாக விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். நீ ஒரு உதவி செய், அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, புத்தி சொல்லாதே, அழாதே. வண்டி எப்படிப்பா இருக்கு, லைனிங் எப்போ மாத்தினே என்று முன்னே கேட்பாயே, அப்படிக் கேள். அவரை அப்படிக் கேட்க இங்கே யாரும் இல்லை.

பேரனை வெயிலில் விடாதே. இந்தக் கவலையை வைத்து மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே, அவர் என்ன செய்வார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு செல்வமேரியிடம் கொடுத்து வைக்கிறேன். உன் சர்டிபிகேட்டும் கல்யாணப் புடவையும் பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, எதற்கும் தெரிந்து வைத்துக்கொள். இதை எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். உன் அப்பா வண்டியில் ஏறி அந்தோணிசாமி சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்பிரிங் குத்துமாம் எனக்கு, என் பழைய புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய் நாலாக மடித்து மெத்தை மாதிரி போடுகிறார். பிரேக் பக்கம் போகவே இல்லை.

நீ மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயது வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அம்மா
அ. கிளியம்மாள்