மாடிப்படியில் எடை பார்த்த கேமரா

"படியேறும்போது உன் உதடு நீலமாகிறது" என்று அன்று ஸ்டூடியோவில் நான் சொல்லவில்லை. "தனியாகப் போகாதே" என்றும் சொல்லவில்லை. கேமராக்களைப் பார்ப்பதுபோல உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று, நாலு நாள் மழைக்குப் பிறகு, பீரோவைத் திறந்ததும் உன் கேமராவின் தோல் உறையிலிருந்து பூஞ்சை வாசம் முகத்தில் அடித்தது. அதை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நமக்கு ஒரே அறை, ஒரே கம்பெனி பஸ், ஒரே அசெம்பிளி லைன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்துவிட்டதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். கனம் தூக்கக் கூடாது, ஏற்றம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டுக்குத் தெரிந்தால் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். நான் நூலகத்தில் இதயத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அதன் பிறகு நீ தூங்கும்போதுகூட உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைப்பதற்குள் மேகமலைக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றாய். அதுவும் கல்யாண ஆல்பக்காரர்கள் போடும் பெரிய ரோல் ஃபிலிமில். சாதாரணக் கேமரா போதாதா என்று கேட்டேன். "சின்ன ஃபிலிம்ல மலையோட படம்தான் இருக்கும். மலை இருக்காது" என்றாய்.

கோயில் தெருப் பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரர் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார். பழைய கேமராக்களை மேசையில் பரப்பினார். நீ ஒன்றைக்கூடக் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்கு வெளியே லாட்ஜுக்குப் போகும் மாடிப்படியில் ஏறி இறங்கினாய்.

"இன்னாம்மா, கேமரா வாங்க வந்தியா, மாடிப்படி ஏற வந்தியா?" என்றார் அவர்.

"மலைக்குப் போயிட்டு கனமா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்தா வாங்குவியளா அண்ணாச்சி? அதான் இங்கயே பாக்கேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமராதான் உனக்குப் பிடித்திருந்தது. குனிந்து பார்த்தால் அதன் கண்ணாடியில் தெருவே தெரிந்தது. அதை மாட்டிக்கொண்டு ஏறியபோது பாதிப் படியில் நின்றுவிட்டாய். சுவரிலிருந்த சாமி காலண்டரைப் பார்ப்பதுபோல நடித்தாய். அப்போதுதான் உன் உதட்டைப் பார்த்தேன். இறங்கி வந்து, "ஏட்டி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? கேமரா வாங்க வந்தோமா, கருமாதிக்கு வந்தோமா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். உன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கடைசியாக அவர் ஒரு மடக்கு கேமராவை எடுத்தார். மூடினால் டிபன் பாக்ஸ் அளவு. திறந்தால் கறுப்புத் துருத்தி ஒன்று லென்ஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். "இது ரொம்பப் பழசும்மா. துருத்தியில ஓட்ட கீதான்னு பாத்துக்கினுதான் எடுக்கணும். ரோலுக்கு எட்டுப் படம்தான், பாத்துக்க" என்றார். நம்மை இருட்டறைக்குள் கூட்டிப்போய் அதற்குள் டார்ச் அடித்துக் காட்டினார். எங்கும் வெளிச்சம் ஒழுகவில்லை. "நம்மளவிட நல்லா இருக்கு" என்று என் காதில் சொன்னாய்.

அதைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினாய். நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாய். அந்த நிமிடத்தில்தான் நான் மிகவும் பயந்தேன். எல்லாக் கேமராவும் கனமாக இருந்திருந்தால் நீ போயிருக்க மாட்டாய். இப்போது உன்னைத் தடுக்க எதுவும் இல்லை.

நீ போன ஐந்து நாளும் வீட்டுக்காரம்மாவின் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவர் வாசலில் நின்றேன். "இன்னாடி, பேயப் பாத்தவ மாதிரி கீற" என்று அவர் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

இப்போது ஓரகடம் பக்கம் வேறு கம்பெனியில் வேலை. யாராவது எனக்கு முன்னால் படியேறினால் அவர்களின் மூச்சைக் கேட்கிறேன். என்னால் நிறுத்த முடியவில்லை. உன் எட்டுப் படங்களில் ஐந்து வெறும் பனி. மூன்றில் மலை இருக்கிறது. நீ சொன்னது சரிதான், படமாக இல்லை, மலையாகவே இருக்கிறது.

மேகமலையில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் கறுத்து, ஒரு கிலோ ஏலக்காய்த் தேயிலையுடன் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினாய். ஆபரேஷனுக்குத் தேதி கிடைப்பதற்கு முன்பே, ஆடி மாதம், காலை ஷிப்டில், டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்பு, லைனில் என் பக்கத்தில் நின்றபடியே சரிந்தாய். உன் கையில் இருந்தது ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை என்றார்கள்.