கடற்பசுவும் பாட்டை மறந்த குருவியும்

என் பேரரசி அம்மாவுக்கு, பத்துக் கப்பல் நிறைய வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் யானை பலத்தோடு இருக்கிறேன்.

அழிந்துவரும் இரண்டு உயிர்களின் குரலைப் பதிவில் கேட்டு ஒப்பிட்டு எழுதுவதுதான் இந்த வெளிநாட்டில் இப்போது என் மகத்தான வேலை. ஒன்று கடற்பசு. மலைபோல உடம்பை வைத்துக்கொண்டு குருவிக் குஞ்சாட்டம் கீச்சிடுகிறது! இன்னொன்று பாட்டுக்குருவி. சொல்லித்தர இனத்தார் இல்லாமல், தன் பாட்டை மறந்து அடுத்த பறவையின் பாட்டைப் பாடுகிறது. உலகமகா மேதையான நான், கடல் பதிவில் 'குருவி' என்று எழுதித் தொலைத்தேன்.

"கடலுக்குள்ள குருவி எப்படிய்யா வந்துச்சு?" என்று தன் பாஷையில் அலறினார் அதிகாரி.

"குளிக்க வந்திருக்கும் சார்."

மனிதர் சிரிக்கவில்லை. முந்நூறு மணி நேரப் பதிவையும் மறுபடி கேட்டு முடிக்கும்வரை லீவு கிடையாதாம். அடுத்த மாதம் வர முடியாது, அம்மா. எரிச்சலில் மேசையை உதைத்தேன். விரல் பூசணிக்காயாய் வீங்கியது. ஆனால் வலியில் 'அம்மா' என்று வாயில் வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கத்துவதைத்தான் கத்தினேன்.

அதனால் ஒரு சின்ன உதவி. தங்கச்சி போனில் என்னை நம் பாஷையில் நன்றாகத் திட்டிப் பதிவு செய்து அனுப்பு. ஒரு மணி நேரமாவது திட்டு. அதிகாரி வருகிறார்.

உடம்பால் கடற்பசுவாகிவிட்ட,
உன் குருவி