உங்கள் பாதி

காரைக்கால்
4 மார்ச் 1953

அன்பு மச்சானுக்கு, ஜொஹரா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நான் ஒருத்திதான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமி உங்களுக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டார்கள். போலகத்து பீர் மைதீன் மகள் உம்மு சல்மா. நீங்கள் சைகோனிலேயே இருக்கலாமாம். சம்மதக் கடிதம் வந்தால் போதும், உங்களுக்குப் பதிலாக, வக்கீல் என்று சின்ன மாமா உட்கார்ந்து நிக்காஹ் முடித்துவிடுவார்களாம். "மலடிக்கு இன்னும் எத்தனை நாளைக்குச் சோறு போடுறது?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

யாருக்கும் தெரியாமல் டாக்டரம்மாவிடம் போனேன். என்னிடம் குறை ஒன்றுமில்லையாம். பெண்ணுக்கு முட்டைகள் பிறவியிலேயே உள்ளே இருக்குமாம், மாசம் ஒன்று பழுத்து வருமாம். ஆணுக்கு வயசு வந்தபின் விந்தணு ஓயாமல் உண்டாகணுமாம். "ஒவ்வொண்ணும் பாதி உயிர்தாம்மா. ரெண்டு பாதியும் சேந்தாத்தான் புள்ள. உன் பாதி சரியா வருது. அவர் பாதி வருதான்னு யாரு பாத்தா?" என்றார்கள்.

கல்யாணத்துக்கு முந்தி உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னத்தோடு கீழேயும் வீங்கிக் கிடந்ததாமே, அதைச் சொன்னேன். அவர்கள் முகமே மாறிவிட்டது. மச்சான், உங்கள் காலைப் பிடிக்கிறேன். டாக்டரிடம் காட்டாமல் சம்மதம் எழுதாதீர்கள்.

உங்கள் ஜொஹரா

சைகோன்
2 ஏப்ரல் 1953

ஜொஹராவுக்கு சேக் பரீது துஆ.

உன் கடிதத்துக்கு முந்தியே உம்மாவின் கடிதம் வந்துவிட்டது. அழுது எழுதியிருந்தார்கள். சம்மதம் அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். மற்றவர்களுக்கு விந்தணு தலைப்பிரட்டை மாதிரி நெளியுமாம். எனக்கு ஒன்றுகூட இல்லை, ஜொஹரா. அந்த வீக்கம் அடியோடு அழித்துவிட்டதாம். இனி மருந்தும் கிடையாதாம். நான் என்ன செய்வேன்?

எப்பாடுபட்டாவது நிக்காஹை நிறுத்து. தந்தி அடித்தால் தபாலாபீஸில் ஊரே படிக்கும், அதனால்தான் கடிதம். உம்மாவிடம் காரணத்தை மட்டும் சொல்லிவிடாதே.

சேக் பரீது

காரைக்கால்
28 ஏப்ரல் 1953

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நிக்காஹ் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. 'வேண்டாம்' என்று ஒரே ஒரு சொல் தந்தியில் போட்டிருக்கலாமே! காரணத்தை யார் கேட்டார்கள்?

இன்று காலையில் உம்மு சல்மா போலகத்திலிருந்து ஸலாம் சொல்ல வந்துவிட்டுப் போனாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருக்கிறது. "லாத்தா, எனக்குப் பொறக்குற மொதப் புள்ளைய உங்க மடியிலதான் போடுவேன். என்மேல கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்னை மலடி என்றார்கள், தாங்கிக்கொண்டேன். நாளைக்கு அவளையும் சொல்வார்கள். அதை நான் வேடிக்கை பார்க்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலகம் புறப்படுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நானே படித்துக் காட்டுவேன். இருப்பதா விலகுவதா என்று அவளே சொல்லட்டும்.

உங்களை விட்டுப்போக எனக்கு மனசு வராது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

ஜொஹரா